ஒரே சரக்கு, தனித்தனிப் பெயர்

மும்பை லாமிங்டன் ரோட்டில் உதிரிபாகம் விற்கும் என் கடையில் ஆயிரம் ஓம் ரெசிஸ்டர் நூறு இருந்தாலும் ஒரே டப்பாதான். 1973-இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தார் தந்த ஸ்பைஸ் மென்பொருளில் அது செல்லாது. மின்சுற்றைக் கணினியிலேயே ஓட்டிப் பார்க்கும் அதில் ஒவ்வொன்றுக்கும் தனிப்பெயர் வேண்டும்: ஆர்1, ஆர்2. முதலெழுத்து இனம், பின்னது ஆள். மதிப்பு ஒன்றானாலும் ஓடும் மின்சாரம் வேறாச்சே! உட்சுற்றுகளுக்குள் மறுபடி ஆர்1 வரலாம். எக்ஸ்1-இன் ஆர்1, எக்ஸ்2-இன் ஆர்1 என்று, நம்ம இனிஷியல் மாதிரி.

என் மருமகன் ஆர்3-ஐ நீக்கிவிட்டு ஐந்து வாட் ரெசிஸ்டர் ஒன்றைப் புதிதாகச் சேர்த்தார். படம் வரையும் மென்பொருள் அதற்கும் ஆர்3 என்றே பெயரிட்டது. பழைய பட்டியலைப் பார்த்து நான் கால் வாட் கொடுத்தேன். கருகிப்போச்சு. ரத்தான பில் நம்பரை மறுபடி போடாதவன் நான். அதை அவரிடம் சொல்லத் தோன்றவில்லை.