மலைநாட்டிற் பழைய மோட்டார் சைக்கிள் எஞ்சினின் அமுக்கத்தைச் சோதித்தல்

வயலுக்கும் சந்தைக்கும் சென்று வருவதற்குப் பழைய மோட்டார் சைக்கிளைப் பேணி வைத்திருக்கும் கமக்காரர் பலர் உளர். இத்தகைய எஞ்சின் இழுவை குன்றியதாகத் தோன்றும்போது, கராச்சுகளில் "கொம்பிறெசன்" என்று வழங்கும் அமுக்கத்தை அளந்து பார்ப்பது வழக்கம். அளவு குறைந்திருப்பின் உருளை தேய்ந்துவிட்டதென்றும், அதனைக் கடைந்து புதிய பிஸ்டன் இடவேண்டுமென்றும் முடிவு செய்யப்படுகிறது.

இம்முடிவு தாழ்நிலத்திற் பெரும்பாலும் சரியாக இருக்கலாம். மலைநாட்டில் அது தவறாகவும் இருக்கக்கூடும். யாழ்ப்பாணத்திற் குறையின்றி ஓடிய எஞ்சினை நுவரெலியாவுக்குக் கொண்டுசென்று அளந்தால், எவ்விதத் தேய்வும் இல்லாமலே அளவு ஐந்திலொரு பங்கு குறைந்து காணப்படும். இதனை அறியாது உருளையைக் கடைவிப்பவர் பணத்தை மட்டுமன்றி உருளையின் ஆயுளையும் இழக்கிறார். பழைய ஆங்கில எஞ்சின்களுக்குப் பெரும்பாலும் ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 20 பங்கும், பின்னர் 40 பங்கும் பருமன் கூடிய பிஸ்டன்களே செய்யப்பட்டன. ஆகவே ஓர் உருளையை ஓரிரு தடவைகளுக்கு மேற் கடைவது அரிது. வீணாகக் கடைந்த ஒரு தடவை திரும்பக் கிடைக்காது.

அளவு குறைவதன் காரணம்

காற்றுக்கும் நிறை உண்டு. கடல்மட்டத்தில் அது ஒவ்வொரு சதுர அங்குலத்தின் மீதும் ஏறக்குறைய 14.7 இறாத்தல் அமுக்கத்தைச் செலுத்துகிறது. உயரே செல்லச் செல்ல மேலேயுள்ள காற்றின் அளவு குறைவதால் இவ்வமுக்கமும் குறைகிறது. 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் அது ஏறக்குறைய 11.7 இறாத்தலே ஆகும்.

எஞ்சினின் உருளை எங்கும் ஒரே கொள்ளளவு உடையது. பிஸ்டன் கீழிறங்கும்போது உருளை வெளிக் காற்றால் நிரம்புகிறது. மேலேறும்போது அக்காற்று ஒடுக்கப்படுகிறது. எத்தனை மடங்கு ஒடுக்கப்படுகிறது என்பது எஞ்சினின் அமைப்பைப் பொறுத்தது. அது மலையிலும் மாறாது. ஆனால் தொடக்கத்தில் நிரம்பிய காற்றின் அமுக்கம் குறைவாயின் முடிவில் எய்தும் அமுக்கமும் அதே விகிதத்திற் குறையும். அமுக்கமானி வெளிக் காற்றிலும் எவ்வளவு மிகுதி என்பதையே காட்டுகிறது. வெளிக் காற்றின் அமுக்கமும் உருளையின் அமுக்கமும் ஒரே விகிதத்திற் குறைவதால், மானி காட்டும் அளவும் அவ்விகிதத்திலேயே குறைகிறது.

உயரத்திற்கேற்பத் திருத்துதல்

கடல்மட்டத்திற் கிடைக்கும் அளவை 1 எனக் கொண்டால், அதே எஞ்சின் ஏனைய உயரங்களிற் காட்டும் பங்கு ஏறக்குறைய வருமாறு:

கடல்மட்டம் — 1.00
500 மீற்றர் (ஏறக்குறையக் கண்டி நகர்) — 0.94
1,000 மீற்றர் — 0.89
1,200 மீற்றர் (ஏறக்குறையப் பண்டாரவளை) — 0.87
1,500 மீற்றர் — 0.83
1,870 மீற்றர் (நுவரெலியா) — 0.80

மலையில் அளந்த தொகையை அவ்விடத்திற்குரிய பங்கினால் வகுத்தால் கடல்மட்ட அளவு பெறப்படும். ஓர் எஞ்சின் நல்ல நிலையில் யாழ்ப்பாணத்தில் 120 இறாத்தல் காட்டியது எனக் கொள்வோம். நுவரெலியாவில் அது 96 இறாத்தல் காட்டினால், 96ஐ 0.80 ஆல் வகுக்க 120 வரும். எஞ்சினிற் குறையில்லை. அதே எஞ்சின் அங்கு 72 இறாத்தல் மாத்திரம் காட்டினால், திருத்திய அளவு 90 ஆகும். நாலிலொரு பங்கு குறைந்திருப்பதால் இங்கு மெய்யாகவே பழுது உண்டு. எனவே உயரத்தைக் காரணங்காட்டித் தேய்ந்த எஞ்சினை நல்லதென்று விற்பவரிடம் ஏமாறாதிருக்கவும் இக்கணக்கு உதவும்.

சில கைந்நூல்களிலுள்ள அட்டவணைகள் காற்றின் அமுக்கத்தைக் கொள்ளாது அதன் அடர்த்தியைக் கொண்டு கணிக்கப்பட்டவை. அவற்றில் நுவரெலியா உயரத்துக்குரிய பங்கு ஏறக்குறைய 0.83 எனக் காணப்படும். வேறுபாடு சிறிதாகையால் அதுபற்றிக் குழப்பமடைய வேண்டியதில்லை.

சோதிக்கும் முறை

முறை தவறினாலும் அளவு குறையும். அக்குறை உயரத்தால் வந்ததுபோலத் தோன்றும். ஆகையாற் பின்வரும் ஒழுங்கைக் கைக்கொள்ளுதல் வேண்டும்.

1. எஞ்சினைச் சில நிமிடங்கள் ஓட்டிச் சூடாக்குக. பின்னர் நிறுத்தி, பெற்றோற் குழாயை மூடுக.

2. பிளக்கைச் சுற்றியுள்ள மண்ணைத் துடைத்தபின் அதனைக் கழற்றுக. கழற்றிய பிளக்கை அதன் கம்பியில் மாட்டி எஞ்சினின் உலோகப் பகுதியைத் தொடுமாறு வைக்க. கம்பியை வெறுமனே தொங்கவிட்டு எஞ்சினை உதைத்தாற் பழைய மக்னீற்றோவின் சுருள் பழுதடையக்கூடும்.

3. பிளக் துளையின் அளவைக் கவனிக்க. 14 மில்லிமீற்றர்த் துளையே பெருவழக்கு. மிகப் பழைய எஞ்சின்கள் பலவற்றில் 18 மில்லிமீற்றர்த் துளை உண்டு. மானியின் முனை அதற்குப் பொருந்துதல் வேண்டும்.

4. காற்றைப் பிடித்து நிறுத்தும் சிறு வால்வு மானிக் குழாயின் பிளக் முனையில் இருத்தல் நன்று. அது மானியின் அருகே இருப்பின், நீண்ட குழாயின் வெற்றிடமும் உருளையோடு சேர்ந்துவிடும். சிறிய எஞ்சின்களில் இது அளவைப் பெரிதும் குறைக்கும்.

5. திறொட்டிலை முற்றாகத் திறந்து பிடிக்க. சோக்கும் திறந்திருத்தல் வேண்டும். இவை மூடியிருந்தால் உருளைக்குள் காற்றுப் போதியளவு செல்லாது.

6. மானியின் முள் மேலும் ஏறாது நிற்கும்வரை பலமாக உதைக்க. இவ்வாறு மும்முறை அளந்து எழுதிக்கொள்க.

பழைய எஞ்சின்களுக்குரிய கவனங்கள்

எல்லா எஞ்சின்களும் ஒரே அளவைக் காட்டமாட்டா. 1948ஆம் ஆண்டு வெளிவந்த பி.எஸ்.ஏ. பாந்தம் மோட்டார் சைக்கிளின் 123 கன சதம மீற்றர் எஞ்சின் 6.5 மடங்கு ஒடுக்குவது. அதே கம்பனியின் எம் 20 எஞ்சின் 496 கன சதம மீற்றர் உடையதாயினும் 4.9 மடங்கே ஒடுக்குவது. ஆகவே பின்னையது குறைந்த அளவைக் காட்டுவது இயல்பு. புதிய மோட்டார் சைக்கிளின் அளவோடு இவற்றை ஒப்பிடுதல் தகாது.

எளிதாக உதைப்பதற்கென வால்வைத் தூக்கும் நெம்பு உள்ள எஞ்சின்களில் அதன் கம்பி இறுகியிருந்தால், வால்வு முற்றாக மூடாது அமுக்கம் கசியும். சோதிக்குமுன் கம்பி சற்றுத் தளர்வாக உள்ளதா என்றும், வால்வு இடைவெளி சரியா என்றும் பார்க்க. இக்காலத்து நீரிறைக்கும் எஞ்சின்கள் பலவற்றில் அமுக்கத்தைத் தானே தளர்த்தும் கருவி உள்ளே அமைந்துள்ளது. அவற்றைக் கயிறிழுத்துச் சோதித்தால் நல்ல எஞ்சினும் குறைந்த அளவையே காட்டும்.

திருத்திய அளவும் குறைவாயின்

நான்கடிப்பு எஞ்சினாயின், பிளக் துளையினூடாக ஒரு தேக்கரண்டி எஞ்சின் எண்ணெய் விட்டு மீண்டும் அளக்க. அளவு நன்கு உயர்ந்தால் றிங்குகளோ உருளையோ தேய்ந்துள்ளன. உயராவிடின் வால்வுகளிலோ உருளைத் தலையின் கஸ்கெற்றிலோ கசிவு உண்டு. வால்வை அரைத்துப் பொருத்துவதற்கு உருளையைக் கடையவேண்டியதில்லை. ஈரடிப்பு எஞ்சின்களில் இத்தகைய வால்வுகள் இல்லை. ஆகையால் தலையின் கஸ்கெற்றைப் பார்த்தபின் றிங்குகளைக் கழற்றிப் பார்த்தலே தக்கது.

அளவு சரியாயிருந்தும் இழுவை குறைந்தால்

காற்று ஐதாகையால் மலையில் எந்த எஞ்சினும் வலு குறைந்தே ஓடும். மேலும், தாழ்நிலத்துக்கென அமைத்த காபரேற்றர் அங்கு காற்றுக்கு மிஞ்சிய பெற்றோலைக் கொடுக்கும். பிளக் கரி படிந்து கறுத்திருப்பதும், கரும்புகை வருவதும் இதன் அறிகுறிகள். சற்றுச் சிறிய பிரதான ஜெற்றை இடுவதால் இது சீராகும். ஆனால் அவ்வாறு மாற்றிய எஞ்சினைத் தாழ்நிலத்துக்குக் கொண்டுவரும்போது பழைய ஜெற்றை மறவாது திரும்ப இடுதல் வேண்டும். இல்லாவிடிற் பெற்றோல் போதாது எஞ்சின் மிகச் சூடேறிப் பிஸ்டன் இறுகிவிடக்கூடும்.

நீரிறைக்கும் பம்பிகளுக்கும் இவ்வுண்மை பொருந்தும். பம்பி நீரை உறிஞ்சுவது வெளிக் காற்றின் அமுக்கத்தாலேயே. கடல்மட்டத்தில் அவ்வமுக்கம் ஏறக்குறைய 10.3 மீற்றர் நீரைத் தாங்கும், நுவரெலியாவில் 8.2 மீற்றரையே தாங்கும். நடைமுறையில் உறிஞ்சும் ஆழம் இவற்றிலும் குறைவு. எனவே மலைத் தோட்டங்களிற் பம்பியை நீர்மட்டத்துக்கு இயன்றளவு அண்மையில் வைத்தல் வேண்டும்.

நினைவிற் கொள்ளவேண்டியவை

மானி காட்டும் தொகையை உயரத்துக்கேற்பத் திருத்தாமல் முடிவு செய்யற்க. எஞ்சின் நன்றாக ஓடும் காலத்திலேயே அதன் அமுக்கத்தை அளந்து, திகதி, இடம், அளவு ஆகியவற்றை ஒரு கொப்பியில் எழுதி வைக்க. பின்னர் அதே மானியால் அதே இடத்தில் அளந்தால் எவ்விதக் கணக்கும் இன்றியே தேய்வு தெரியவரும். எண்ணெய்ச் சோதனையும் வால்வுச் சோதனையும் முடியுமுன் உருளையைக் கடைவதற்கு இணங்காதிருத்தல் வேண்டும்.