சல்லடையில் தங்காத கல்: வில்லங்கமுள்ள வீடு விற்பனைக்கு வந்தால்

அரிசியை உலையில் போடுவதற்கு முன் சலிப்பார்கள், முறத்தில் புடைப்பார்கள், கடைசியில் தண்ணீர் விட்டு அரிப்பார்கள். ஒன்றில் தப்பியது அடுத்ததில் சிக்கும். மதுரையில் வீடு கைமாறுவதும் இப்படித்தான், பத்திரப்பதிவுதான் உலை.

சல்லடை என்பது வில்லங்கச் சான்று, பேச்சு வழக்கில் ஈசி. சார்பதிவாளர் அலுவலகப் புத்தகத்தில் ஏறியதை அது காட்டும்: கிரயம், பாகப்பிரிவினை, பதிந்த அடமானம், நீதிமன்றத்திலிருந்து வந்த ஜப்தி உத்தரவு. கடனை அடைத்துவிட்டு ரசீது ஆவணம் பதியாமல் விட்டவர்களும் இதில் மாட்டுவார்கள். வங்கியில் பாக்கி பூஜ்யம், வில்லங்கத்தில் கடன் உயிரோடு. அந்த ரசீதைப் பதிகிற வரை வாங்க வந்தவர் முன்பணத்துக்கு மேல் நகர மாட்டார். எரிச்சலான வேலைதான், ஆனால் தீரக்கூடியது.

புத்தகத்தில் ஏறாதது சல்லடைக் கண்ணில் நழுவிவிடும். "ஈசி கிளியரா இருக்கு சார்" என்று புரோக்கர் சொல்வது பொய்யல்ல, பாதிதான்.

அடுத்து முறம்: அசல் தாய்ப்பத்திரத்தைக் கையில் வாங்கிப் பார்ப்பது. அரசு அறிவித்த நகரங்களில் கடனுக்கு ஈடாக அசல் பத்திரத்தை ஒப்படைத்தாலே அது அடமானம் என்கிறது 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம். ஆகவே ஜெராக்ஸை மட்டும் நீட்டி, ஒரிஜினல் ஊரில் இருக்கிறது என்பவரிடம் அவசரப்படக் கூடாது.

அரிப்பதற்குத்தான் பொறுமை வேண்டும். அரிசி அளவே உள்ள கல் அப்போதுதான் சட்டியின் அடியில் தங்கும். இங்கே அந்தக் கல் மாநகராட்சியில் கிடக்கிறது: சொத்து வரி பாக்கி, குடிநீர்க் கட்டணம், வரைபடத்தை மீறிய கட்டிடம்.

கிரய நாள் வரைக்குமான வரியை விற்பவர் கட்ட வேண்டும் என்பது சட்டம். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொண்டால் ஒழிய. கட்டாமல் போனால்? அகமதாபாத்தில் ஏலத்தில் சொத்து வாங்கிய ஒருவரிடம் பழைய உரிமையாளரின் வரி பாக்கிக்காக மாநகராட்சி வந்து நின்றது. பாக்கி இருப்பது தெரியாமல் வாங்கியவரை அது கட்டுப்படுத்தாது என்று 1971இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. வென்றார், சரி. ஆனால் வரி ரசீதைக் கேட்டு வாங்குவதோடு முடிய வேண்டியதற்கு டெல்லி வரை போக வேண்டியிருந்தது.

கட்டிட மீறல் இதைவிடக் கடினம். பணம் கட்டினால் கரைந்துபோகிற கல் அல்ல. மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் கட்டிடம் 9 மீட்டருக்கு மேல் உயரக் கூடாது. மாசி வீதிப் பக்கம் வாடகைக்காக ஒரு மாடி கூடுதலாக எழுப்பிய வீட்டை விற்கும்போது, அந்த மாடியை வங்கி அனுப்பும் இன்ஜினியர் மதிப்பீட்டில் சேர்க்கத் தயங்குவார். 1971ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டப்படி நோட்டீஸ், சீல், இடிப்பு எல்லாம் கட்டிடத்தின் மேல் பாய்கிறவை. கட்டியவர் போய்விட்டார் என்பதால் புது உரிமையாளர் தப்ப முடியாது. பணிநிறைவுச் சான்றைச் சரிபார்த்த பிறகே கட்டிடத்தின் மேல் கடன் தர வேண்டும் என்று 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் வங்கிகளுக்கு உத்தரவிட்டிருக்கிறது. வங்கிக் கடன் கிடைக்காத வீட்டுக்கு ரொக்கம் வைத்திருப்பவர் மட்டுமே வருவார். அவர் சொல்வதுதான் விலை.

ஊருக்கு வெளியே, வயலை மனையாக்கிய இடங்களில் கல் வேறு. அங்கீகாரமில்லாத மனையாக இருந்தால், அது 2016 அக்டோபர் 20க்கு முன் பத்திரமானதா, பிறகு வரன்முறை செய்யப்பட்டதா என்று பார்ப்பார்கள். இல்லையென்றால் பதிவே நடக்காது.

கடனுள்ள வீடும் விற்கிறது, தொகையைப் பிரித்துக் கொடுப்பதால். விற்பவரின் வங்கியிடம் பாக்கிக் கணக்கை எழுத்தில் வாங்கி, அந்தத் தொகைக்கு வாங்குபவர் நேராக வங்கி பெயரிலேயே டிடி எடுக்கிறார். வரி பாக்கியைக் கழித்து மீதிதான் விற்பவருக்கு. வங்கி அசல் பத்திரத்தை விடுவித்து ரசீது ஆவணம் பதிந்த பிறகே கிரயத்துக்குக் கையெழுத்து.