மக்காச்சோளம் நம்முடையது, மேசை யாருடையது?

ஏலாக்குறிச்சிப் பக்கத்திலிருந்து சென்னைக்குப் படிக்கப் போன தம்பி ஒருவர் நம்மிடம் போனில் பேசினார். விடுமுறை நாட்களில் ஓர் உணவகத்தில் வேலை செய்து செலவுக்குப் பணம் சேர்க்கிறார்.

“அண்ணே, இது மெக்சிகோ சாப்பாட்டுக் கடை. ஞாயித்துக்கெழம பதினோரு மணிக்குக் கூட்டம் தாங்காது. ஒரு பக்கம் பாட்டு, ஒரு பக்கம் கலர் கலரா மது. மக்காச்சோள மாவுல தட்டுன சின்ன ரொட்டி, உள்ள கொஞ்சம் கறி, மேல வெங்காயம், மல்லித்தழ. மூணு ரொட்டியோட வெல எங்கம்மா ஒரு நாள் களையெடுக்குற கூலிக்கு மேல. நம்ம ஊர்ல அதக் கோழிக்குத்தானே அனுப்புறோம்?” என்று சிரித்தார்.

சிரித்துவிட்டுப் போகிற விஷயமல்ல இது. அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்களில் மானாவாரியாக விளையும் மக்காச்சோளம் பெரும்பாலும் நாமக்கல் பக்கத்துக் கோழிப் பண்ணைகளுக்குத் தீவனமாகப் போகிறது. அந்தப் பயிரின் தாய்நிலம் மெக்சிகோ. சுமார் 9,000 ஆண்டுகளுக்கு முன்பு அங்கிருந்த பூர்வகுடி மக்கள் ஒரு காட்டுப் புல்லைப் பக்குவப்படுத்தி மக்காச்சோளம் ஆக்கினார்கள். அதைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து, தோலை நீக்கி, நம் அம்மியைப் போன்ற கல்லில் அரைத்து, ரொட்டியாகத் தட்டிச் சுட்டார்கள். சுண்ணாம்பில் வேகும்போதுதான் அதிலுள்ள முக்கியமான ஒரு வைட்டமின் உடம்பில் சேரும். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் என்று ஏளனம் செய்யப்பட்ட பெண்களின் கைப்பக்குவம் அது.

1521இல் ஸ்பானியர்கள் அந்த நாட்டைப் பிடித்தார்கள். கோதுமை ரொட்டி ஆள்கிறவர்களின் உணவு என்றும், மக்காச்சோளம் ‘இந்தியர்’ என்று அவர்கள் அழைத்த பூர்வகுடிகளின் தாழ்ந்த உணவு என்றும் ஆனது. விடுதலைக்குப் பிறகும் அந்தப் புத்தி போகவில்லை. 1899இல் பிரான்சிஸ்கோ புல்னெஸ் என்ற மெக்சிகோ அரசியல்வாதி, கோதுமை உண்ணும் இனம்தான் முன்னேறும், மக்காச்சோளம் உண்ணும் இனம் பின்தங்கியே கிடக்கும் என்று புத்தகமே எழுதினார். ‘தின்பதை வைத்து ஆளை எடைபோடுவது’ நம் ஊரில் மட்டும் இருக்கிற நோய் அல்ல.

அதே உணவை 2010இல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் பண்பாட்டுச் செல்வமாக அறிவித்தது. இன்று பெருநகரங்களில் காலை உணவையும் மதிய உணவையும் சேர்த்து உண்ணும் ‘பிரஞ்ச்’ கடைகளில் அதற்குத்தான் மவுசு. அந்தப் பட்டியலில் இருக்கும் ‘சிலாகிலெஸ்’ என்பது நேற்று மீந்துபோன ரொட்டியை மிளகாய்ச் சாற்றில் புரட்டியது. ‘மெனூதோ’ என்பது மாட்டுக் குடல் குழம்பு. பழைய சோறும் குடல்கறியும் தெரியாதவர்களா நாம்? நடவு வயலில் பத்து மணிக்குக் கரையேறித் தூக்குவாளியைத் திறக்கும் நம் தாய்மார்களும் அந்த நேரச் சாப்பாட்டைத்தான் உண்கிறார்கள். அதற்கு யாரும் பெயர் வைக்கவில்லை, விலையும் வைக்கவில்லை.

உணவு மேசைக்கு ஏறிவிட்டது. அதைச் சமைத்த மக்கள் ஏறினார்களா? மகாரியோ கார்சியா என்பவரின் கதையைக் கேளுங்கள். மெக்சிகோவில் பிறந்து, அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் பருத்தி எடுத்த கூலிக் குடும்பத்துப் பிள்ளை. இரண்டாம் உலகப் போரில் காட்டிய வீரத்துக்காக 1945 ஆகஸ்டில் அமெரிக்காவின் மிக உயர்ந்த ராணுவ விருதை அதிபர் ட்ரூமன் கையால் பெற்றார். அடுத்த மாதமே டெக்சாஸில் ஓர் உணவகம், மெக்சிகோக்காரர் என்பதால் அவருக்குப் பரிமாற மறுத்தது. தகராறு நடந்தது. வழக்கு யார் மீது போட்டார்கள் தெரியுமா? கார்சியா மீது! பிறகு அது கைவிடப்பட்டது. எதிர்வழக்குப் போடுவது எங்கும் ஒரே மாதிரிதான் நடக்கிறது.

இன்னொரு செய்தி. லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தின் பாயில் ஹைட்ஸ், மெக்சிகோ வம்சாவளித் தொழிலாளர்கள் வாழும் பகுதி. ஒரு காலத்தில் மோசமான பகுதி என்று முத்திரை குத்திக் கடன் தர மறுத்தார்கள். சில ஆண்டுகளுக்கு முன் அங்கே கலைக்கூடங்களும் புதுப்பாணிக் காப்பிக் கடைகளும் வந்தபோது, குடியிருந்த மக்களே மறியல் செய்தார்கள். கடை மீது அவர்களுக்குக் கோபமில்லை. பகுதி அழகானால் வாடகை ஏறும், வாடகை ஏறினால் தாங்கள் வெளியேற வேண்டும் என்பதுதான் பயம். கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பப்பட்ட சென்னைக் குடிசைவாசிகளுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

இப்போது நம் மண்ணுக்கு வருவோம். 2022 மே மாதம் திருப்பத்தூர் மாவட்ட நிர்வாகம் ஆம்பூரில் பிரியாணித் திருவிழா அறிவித்தது. அதில் மாட்டுக்கறி பிரியாணிக்கு இடமில்லை. எதிர்ப்பு கிளம்பியது. மழையைக் காரணம் சொல்லி விழாவைத் தள்ளிவைத்தார்கள். மாநில ஆதிதிராவிடர், பழங்குடியினர் ஆணையம் விளக்கம் கேட்டது. அரசே நடத்தும் விழாவில் கூட நம் சட்டிக்கு இடம் கேட்டுத்தான் வாங்க வேண்டியிருக்கிறது.

கிராமத்து டீக்கடைக்கு வாருங்கள். இரட்டைக் குவளை ஒழிந்துவிட்டது என்கிறார்கள். பல இடங்களில் அது பேப்பர் கப்பாக மாறியிருக்கிறது. ஊர்க்காரருக்குக் கண்ணாடி டம்ளர், காலனிக்காரருக்குப் பேப்பர் கப். பெஞ்சு காலியாகக் கிடக்கும், நம் பெரியவர் நின்றுகொண்டே குடிப்பார். கேட்டால், “யாரும் உக்கார வேண்டாம்னு சொல்லலையே” என்பார்கள். சொல்லாமலேயே நிற்கப் பழக்கியதுதான் சாதி.

மாணவர்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும். கடைகளிலும் பொது உணவகங்களிலும் சாதியைச் சொல்லித் தடுக்கக் கூடாது என்கிறது அரசமைப்புச் சட்டத்தின் 15(2) பிரிவு. உணவகப் பாத்திரங்களைப் பயன்படுத்தவிடாமல் தடுப்பது 1955ஆம் ஆண்டுச் சட்டத்தின் 4ஆம் பிரிவின்படி குற்றம். கடைக்குள் நுழையவிடாமல் தடுத்தால், 2015இல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறை. புகார் சொல்ல 14566 என்ற இலவச எண் இருக்கிறது.

பெஞ்சில் உட்கார்வது முதல் படி. கல்லாவில் உட்கார்வது அடுத்த படி. தமிழக அரசின் அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் ஆதிதிராவிடர், பழங்குடியினர் தொழில் தொடங்க 35 விழுக்காடு மூலதன மானியமும் 6 விழுக்காடு வட்டி மானியமும் உண்டு. உணவகமும் தொழில்தான். மாவட்டத் தொழில் மையத்தில் விண்ணப்பிக்கலாம். ஏலாக்குறிச்சி அடைக்கல மாதா கோயிலுக்குத் திருவிழா நாட்களில் எத்தனை ஊர் சனம் வருகிறது! அத்தனை பேரும் பசியோடுதான் வருகிறார்கள்.

போனை வைக்கும் முன் அந்தத் தம்பி கேட்டார்: “படிப்ப முடிச்சிட்டு நானே ஒரு கடை போடலாமாண்ணே? எங்கம்மா வைக்கிற கருவாட்டுக் கொழம்பு, குடல் வறுவல் எல்லாம் வச்சு?”

போடு தம்பி. பலகையில் உன் அம்மா பெயரை எழுது. வருகிறவர் யாரானாலும் ஒரே தட்டு, ஒரே டம்ளர், ஒரே பெஞ்சு. முதல் நாள் நாங்கள் எல்லோரும் வருகிறோம், காசு கொடுத்தே சாப்பிடுகிறோம்.