பழைய படகு மோட்டாருக்குப் புதுச் சாயம்

சிலாங்கூர் மாநிலத்தின் சிப்பாங் மாவட்டத்திலுள்ள டெங்கில் பட்டணத்தை ஒட்டி லங்காட் ஆறு ஓடுகிறது. உலு லங்காட் மலைப்பகுதியில் தோன்றும் இந்த ஆறு காஜாங், டெங்கில், பந்திங் வட்டாரங்களைக் கடந்து மலாக்கா நீரிணையில் கலக்கிறது. இத்தகைய ஆறுகளிலும் கடலோரங்களிலும் மீன் பிடிக்கும் சிறு படகுகளின் பின்பலகையில் ஒரு மோட்டார் பொருத்தப்பட்டிருக்கும். நார்வேயில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த ஓலி எவின்ரூட் என்பவர் 1909ஆம் ஆண்டில் இவ்வகை மோட்டாரை விற்பனைக்குக் கொண்டு வந்தார். தேவைப்படும்போது கழற்றிக் கரைக்குக் கொண்டு வர முடிவதால், சிறு படகுக்காரர்களிடையே அது விரைவில் பரவியது.

புதிய மோட்டாரின் விலை அதிகம். ஆகவே, பழைய மோட்டாரைப் பழுது பார்த்து நெடுநாள் பயன்படுத்துவோர் பலர். சாயம் உரிந்த மோட்டாருக்கு மீண்டும் சாயம் பூசுவது வெறும் அழகுக்காக என்று எண்ணிவிடக் கூடாது. மோட்டாரின் உடல் பெரும்பாலும் அலுமினியக் கலவையால் ஆனது. சாயம் உரிந்த இடத்தில், குறிப்பாக உப்புநீர் பட்டால், உலோகம் வெண்மையாகப் பூத்து, நாளடைவில் குழி குழியாக அரிக்கப்படும். சாயம் அந்த உலோகத்திற்குக் கவசமாகிறது.

சுவர் இருந்தால்தான் சித்திரம் வரைய முடியும் என்பார்கள். இந்த வேலையில் சுவர் என்பது சுத்தமான உலோகப் பரப்பே. முதலில் எண்ணெய்த் தொட்டியின் இணைப்பைக் கழற்றி அப்புறப்படுத்த வேண்டும். பின்னர், மோட்டாரை நன்னீரால் கழுவி உப்பையும் சேற்றையும் நீக்க வேண்டும். அடுத்து, எண்ணெய்ப் பிசுக்கைச் சவர்க்கார நீரால் போக்க வேண்டும். பிசுக்கு இருக்கும்போதே தேய்த்தால், அது உலோகத்தின் கீறல்களுக்குள் புகுந்துவிடும். அதன்மேல் பூசும் சாயம் ஒட்டாது.

அதன் பிறகு உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். முதலில் சொரசொரப்பான தாளையும் பின்னர் மென்மையான தாளையும் பயன்படுத்துவது முறை. உறுதியாக ஒட்டியிருக்கும் பழைய சாயத்தை முழுவதும் சுரண்டத் தேவையில்லை. அதன் பளபளப்பு மங்கும்வரை தேய்த்தால் போதும். வெண்மையாகப் பூத்த இடங்களை மட்டும் உலோகம் தெரியும்வரை தேய்க்க வேண்டும்.

அலுமினியத்திற்கு ஒரு தனித்தன்மை உண்டு. தேய்த்த சில நிமிடங்களிலேயே காற்றிலுள்ள உயிர்வாயுவுடன் சேர்ந்து, கண்ணுக்குப் புலப்படாத மெல்லிய படலத்தை அது உருவாக்கிக்கொள்ளும். அந்தப் படலத்தின் மீது சாதாரணச் சாயம் நன்றாகப் பற்றாது. எனவே, அலுமினியத்திற்கென்றே தயாரிக்கப்பட்ட அடிப்பூச்சைத் தேய்த்த அன்றே பூசிவிட வேண்டும். அது காய்ந்த பின்னர், மேற்சாயத்தைத் தடிப்பாக ஒரே முறை பூசாமல், மெல்லியதாகப் பல முறை பூச வேண்டும். தடித்த பூச்சு வழிந்து, உள்ளே ஈரமாகவே இருந்துவிடும். நம் நாட்டின் ஈரப்பதமும் இவ்வேலைக்கு ஓர் இடையூறுதான். மழை வரும் வேளையிலும் பனி காயாத காலையிலும் பூசினால் சாயம் மங்கிப் போகும். வெயில் ஏறிய பிறகு, காற்றோட்டமான நிழலில், நெருப்புக்கு அப்பால் பூசுவதே நல்லது.

சாயம் படவே கூடாத இடங்களும் உள்ளன. மோட்டாரின் அடையாள எண் பொறித்த தகட்டை ஒட்டுநாடாவால் மூடிக்கொள்ள வேண்டும். நீருக்குள் மூழ்கும் பகுதியில் ஓர் உலோகக் கட்டி திருகப்பட்டிருக்கும். கடல்நீரில் செல்லும் மோட்டாருக்குத் துத்தநாகக் கட்டியையும் நன்னீரில் செல்லும் மோட்டாருக்கு மெக்னீசியக் கட்டியையும் பொருத்துவது வழக்கம். இந்த உலோகங்கள் அலுமினியத்தைவிட எளிதாக அரிக்கப்படுபவை. ஆதலால், கட்டி தான் கரைந்து மோட்டாரைக் காக்கிறது. அதன்மேல் சாயம் பூசினால் அது வேலை செய்யாது. அரிப்பு மோட்டாரையே தாக்கும். அதேபோல், பாசியும் சிப்பியும் ஒட்டாதிருக்கப் படகின் அடியில் பூசும் செம்பு கலந்த சாயத்தை மோட்டாருக்குப் பூசக் கூடாது. செம்பும் அலுமினியமும் நீரில் சேர்ந்திருந்தால் அலுமினியம் விரைவாக அரிக்கப்படும்.

மோட்டாரைக் காக்கும் சாயம் ஆற்றைக் கெடுத்துவிடவும் கூடும். பிரான்சு நாட்டின் ஆர்க்கஷோன் வளைகுடாவில், படகுகளுக்குப் பூசிய வெள்ளீயச் சேர்மம் கலந்த சாயத்தால் சிப்பி வளர்ப்பு பெரும் பாதிப்புக்குள்ளானது. அந்நாடு 1982இல் சிறு படகுகளில் அச்சாயத்திற்குக் கட்டுப்பாடு விதித்தது. உலகளாவிய தடை உடன்பாடு 2001இல் ஏற்கப்பட்டு, 2008இல் நடைமுறைக்கு வந்தது. பழைய சாயங்களில் ஈயமும் கலந்திருக்கலாம். ஆகவே, உப்புத்தாளை நனைத்துத் தேய்த்தால் தூசு பறக்காது. முகக்கவசமும் கையுறையும் அணிய வேண்டும். கீழே விரிப்பைப் போட்டு, உரிந்த சாயத்தைச் சேகரிக்க வேண்டும். மீந்த சாயத்தையும் தின்னரையும் சாக்கடையில் ஊற்றக் கூடாது.

சாக்கடைநீர் ஆற்றைத்தான் சென்றடைகிறது. லங்காட் ஆற்றின் நீரோ சுத்திகரிக்கப்பட்டு, குழாய்வழி வீடுகளுக்கு வருகிறது. மீனவரின் வலையில் சிக்கும் மீனும் அதே நீரில்தான் வாழ்கிறது. மோட்டாரின் ஆயுளை நீட்டிக்க விரும்புபவர், அது ஓடும் ஆற்றின் நலனையும் சேர்த்தே காக்க வேண்டும். ஆறு கெட்டு மீன்வளம் குன்றினால், புதுச் சாயம் பூசிய மோட்டாரால் மீனவருக்குப் பயனேதும் இல்லை.