இடமறிந்து லென்சு தேர்தல்

நுழையும்முன்

கேமரா வாங்க விரும்புவோர் பெரும்பாலும் அதன் உடலைப் பற்றியே முதலில் வினவுவர். எவ்வளவு அகன்ற காட்சி படத்தில் அடங்கும், எவ்வளவு தொலைவிலுள்ள பொருள் தெளிவாகப் பதியும், மங்கிய ஒளியில் படம் எவ்வாறு அமையும் என்பவற்றைப் பெரிதும் முடிவு செய்வது அதன் முன்னே பொருத்தப்படும் லென்சு. திருவனந்தபுரத்துப் பழவங்காடியைச் சான்றாகக் கொண்டு, சிறிய உணரியுடைய மிரர்லெஸ் கேமராவுக்கு லென்சு தேர்ந்தெடுக்கும் முறையை இப்பாடம் விளக்குகிறது.

பழவங்காடியும் சுற்றுப்புறமும்

திருவனந்தபுரத்தின் கிழக்கே கோட்டையை ஒட்டிய பழவங்காடி, தமிழும் மலையாளமும் சேர்ந்து ஒலிக்கும் இடமாகும். ‘அங்காடி’ என்னும் பழஞ்சொல் இன்றும் அதன் பெயரில் வாழ்கிறது. இங்குள்ள கணபதி கோயிலை இந்திய இராணுவம் பராமரித்து வருகிறது. தேங்காய் உடைத்தல் இக்கோயிலின் சிறப்பான வழிபாடு. அருகிலுள்ள சாலைக் கடைத்தெருவில் தமிழ் வணிகர் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகக் கடை நடத்தி வருகின்றன.

கோட்டை வாயிலைக் கடந்து மேற்கே சென்றால் பத்மநாபசுவாமி கோயிலின் ஏழுநிலைக் கோபுரம் ஏறத்தாழ 100 அடி உயரத்தில் நிற்கிறது. அதனருகே பத்மதீர்த்தக் குளமும், குளத்தை நோக்கிய மாளிகையில் ‘மேத்தன் மணி’ என்னும் கடிகாரமும் உள்ளன. 19ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த இக்கடிகாரத்தில், மணி அடிக்கும்போது தாடி வைத்த மனிதமுகம் ஒன்று வாய் திறக்கும். இருபுறமும் உள்ள ஆட்டுக்கடாக்கள் அதன் கன்னங்களில் முட்டும்.

இவ்விடத்தைப் படம் எடுக்க வருவோர்முன் மூன்று வகையான காட்சிகள் உள்ளன. கோபுரம் மிகப் பெரியது. கடிகாரம் சிறியது, எட்டாத உயரத்தில் இருப்பது. விழாக்கால ஊர்வலமோ அசைந்துகொண்டே இருப்பது. அந்தி மங்கலில் வந்து சேர்வது. இம்மூன்றுக்கும் வேண்டிய லென்சு ஒன்றன்று.

சிறிய உணரி செய்யும் மாற்றம்

சுருள் வழங்கிய காலத்தில், 35 மி.மீ. சுருளில் பதிந்த படத்தின் அகலம் 36 மி.மீ.; உயரம் 24 மி.மீ. 1925இல் விற்பனைக்கு வந்த லைக்கா கேமரா இவ்வளவை உலகெங்கும் பரவச் செய்தது. இன்று சுருளின் இடத்தில் ‘சென்சார்’ எனப்படும் மின்னணு உணரி உள்ளது. பழைய சுருள் படத்தின் அளவே கொண்ட உணரி, முழுச்சட்டக உணரி எனப்படும். அதனினும் சிறியதான ஏ.பி.எஸ்.-சி. உணரியே விலை குறைந்த பல கேமராக்களில் அமைந்திருக்கிறது. சோனி, நிக்கான், ஃபியூஜிஃபிலிம் ஆகியவற்றின் இவ்வகைக் கேமராக்களில் அது ஏறத்தாழ 23.5 மி.மீ. அகலமும் 15.6 மி.மீ. உயரமும் உடையது. கேனான் கேமராக்களில் இன்னும் சற்றுச் சிறியது.

பழைய எஸ்.எல்.ஆர். கேமராக்களுக்குள், லென்சு வழியே வரும் ஒளியைக் கண்ணுக்குத் திருப்பிவிடச் சாய்வான கண்ணாடி ஒன்று இருந்தது. 2008இல் பானசோனிக் ஜி1 வெளிவந்தபின், அக்கண்ணாடி இல்லாமலேயே லென்சை மாற்றத்தக்க கேமராக்கள் பெருகின. மிரர்லெஸ் என்னும் பெயர் இதனால் வந்தது.

உணரி சிறிதானால் என்ன நிகழும்? சன்னல் வழியே தெருவைப் பார்க்கும் ஒருவர், சன்னலின் ஓரங்களைத் திரையால் மூடினால் தெருவின் நடுப்பகுதியை மட்டுமே காண்பார். தெரு அவரை நோக்கி நெருங்கி வந்துவிடவில்லை. காட்சியின் ஓரங்களே மறைந்தன. அவ்வாறே, ஒரே லென்சு தரும் காட்சியில் நடுப்பகுதியை மட்டும் சிறிய உணரி பதிவு செய்கிறது. 36ஐ 23.5ஆல் வகுத்தால் ஏறத்தாழ 1.5 கிடைக்கும். ஏ.பி.எஸ்.-சி. கேமராவில் 35 மி.மீ. லென்சு காட்டும் பரப்பு, முழுச்சட்டகக் கேமராவில் ஏறத்தாழ 52 மி.மீ. லென்சு காட்டும் பரப்புக்கு நிகராகும். லென்சின் குவியத்தூரம் மாறுவதில்லை. காட்சியின் அகலமே குறைகிறது. இதனை அறியாதவர், பிறர் பரிந்துரைத்த எண்ணை அப்படியே நம்பி வாங்கி, எதிர்பார்த்த காட்சி கிடைக்காமல் வருந்துவர்.

வாங்குமுன் போடும் கணக்கு

எளிய கணக்கு ஒன்று இவ்வருத்தத்தைத் தவிர்க்கும்.

காட்சியின் அகலம் = பொருளின் தொலைவு × உணரியின் அகலம் ÷ குவியத்தூரம்

10 மீட்டர் தொலைவில் 16 மி.மீ. லென்சு ஏறத்தாழ 14.7 மீட்டர் அகலத்தைக் காட்டும்; 35 மி.மீ. லென்சு 6.7 மீட்டரையும், 200 மி.மீ. லென்சு 1.2 மீட்டரையும் காட்டும். குவியத்தூரம் கூடக்கூடக் காட்சி ஒடுங்கும். ஒடுங்கிய காட்சியே படத்தை நிறைப்பதால் பொருள் பெரிதாகத் தோன்றும்.

இக்கணக்கைக் கோபுரத்திற்குப் பொருத்திப் பார்க்கலாம். கேமராவை மேல்நோக்கிச் சாய்த்தால், படத்தில் கோபுரம் பின்னோக்கிச் சாய்வதுபோலத் தோன்றும். சாய்க்காமல் செங்குத்தாகப் பிடித்தால், கண்மட்டத்திற்கு மேலுள்ள பகுதிக்கு உணரியின் நீண்ட பக்கத்தில் பாதியே கிடைக்கும். அவ்வாறு பிடித்து, 30 மீட்டர் உயரக் கோபுரத்தை உச்சிவரை அடக்க, 16 மி.மீ. லென்சு உடையவர் ஏறத்தாழ 40 மீட்டர் தள்ளி நின்றால் போதும். 35 மி.மீ. லென்சு உடையவர் ஏறத்தாழ 85 மீட்டர் பின்வாங்க வேண்டும். கூட்டம் நிறைந்த நாளில் அவ்வளவு தூரம் பின்வாங்கினால், இடையில் நிற்போரின் தலைகளும் வண்டிகளும் காட்சியை மறைக்கும்.

கடிகாரத்திற்கோ இதன் மறுதலை தேவை. 20 மீட்டர் தொலைவிலிருந்து 35 மி.மீ. லென்சால் எடுத்தால் 13 மீட்டருக்கும் மேற்பட்ட அகலம் படத்தில் அடங்கும், ஆட்டுக்கடாக்கள் புள்ளிகளாகிவிடும். அதே இடத்திலிருந்து 150 மி.மீ. லென்சு ஏறத்தாழ 3 மீட்டர் அகலத்தை மட்டுமே காட்டும். மனிதமுகமும் ஆட்டுக்கடாக்களும் அப்போது தெளிவாகத் தெரியும்.

ஒளியின் பங்கு

ஒவ்வோர் ஆண்டும் நவராத்திரிக்கு முன் மூன்று திருவுருவங்கள் திருவனந்தபுரத்திற்கு ஊர்வலமாக எழுந்தருள்கின்றன. பத்மநாபபுரத்துச் சரசுவதி, வேளிமலைக் குமாரசுவாமி, சுசீந்திரத்து முன்னுதித்த நங்கை என்பன அவை. திருவிதாங்கூர் மன்னரின் உடைவாளும் பத்மநாபபுரம் அரண்மனையிலிருந்து உடன் வருகிறது. மூன்று ஊர்களும் இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ளவை. 1956 நவம்பர் 1இல் அப்பகுதி தமிழ்நாட்டுடன் இணைந்த பின்னும் இம்மரபு தொடர்கிறது. குழித்துறையிலும் நெய்யாற்றின்கரையிலும் தங்கி வரும் ஊர்வலம், மூன்றாம் நாள் மாலையில் கோட்டைப் பகுதியை அடைகிறது. தமிழ்நாட்டின் தென்கோடியை விட்டு வந்து இங்கு வாழும் குடும்பங்களுக்கு, தம் சொந்த ஊர்த் தெய்வங்கள் தம்மைத் தேடி வரும் மாலை அது. அன்று தவறவிட்ட படத்தை மீண்டும் எடுக்க ஓராண்டு காத்திருக்க வேண்டும்.

அந்த மாலையில் தேவைப்படுவது ஒளியை மிகுதியாக உள்ளே விடும் லென்சு. லென்சின் துளை எவ்வளவு அகலமாகத் திறக்கும் என்பதை எஃப்-எண் குறிக்கும். குவியத்தூரத்தைத் துளையின் விட்டத்தால் வகுத்துப் பெறுவதே அவ்வெண். ஆகவே எண் சிறிதாயின் துளை பெரிது. எஃப்/2 லென்சு, எஃப்/4 லென்சைப்போல நான்கு மடங்கு ஒளியை உணரிக்குத் தரும். எஃப்/4இல் 1/15 நொடி தேவைப்படும் மாலை ஒளியில், எஃப்/2இல் 1/60 நொடியே போதும். நடந்துவரும் மனிதர் 1/15 நொடியில் கலங்கிப் பதிவார். 1/60 நொடியில் பெரும்பாலும் தெளிவாகப் பதிவார்.

கையின் நடுக்கத்தை ஈடுசெய்யும் நிலைப்படுத்தி பல லென்சுகளில் உண்டு. அது கேமராவின் அசைவையே சரிசெய்யும். ஊர்வலத்தின் அசைவை நிறுத்தாது. உணரியின் உணர்திறனை உயர்த்தினால் படம் வெளிச்சமாகும். எனினும் மணல் தூவினாற்போன்ற புள்ளிகளும் உடன் மிகும்.

ஒன்றைப் பெற ஒன்றை விடுதல்

கேமராவுடன் வழக்கமாகத் தரப்படும் சிறு ஜூம் லென்சு 16 முதல் 50 மி.மீ. வரை விரியும். கோபுரத்திற்கு அது போதும். ஆயினும் அதன் எஃப்-எண் 3.5இல் தொடங்கி, நீண்ட முனையில் 5.6 அல்லது 6.3 ஆகிவிடும். 200 மி.மீ. வரை நீளும் மலிவான ஜூம் லென்சு கடிகாரத்தை அருகில் காட்டும். அதன் எஃப்-எண்ணும் நீண்ட முனையில் பெரும்பாலும் 6.3ஐ ஒட்டியே இருக்கும். எஃப்/1.8 உடைய 35 மி.மீ. பிரைம் லென்சு இவ்விரண்டின் நீண்ட முனையையும்விட ஏறத்தாழ 10 முதல் 12 மடங்கு ஒளியைத் தரும். ஆனால் அது விரியவோ சுருங்கவோ செய்யாது. எடுப்பவரே முன்னும் பின்னும் நடக்க வேண்டும். அகலம், தொலைவு, ஒளி ஆகிய மூன்றையும் ஒருங்கே தரும் லென்சு அரிது. கிடைப்பினும் எடையும் விலையும் மிகுதியாகும்.

ஒரே ஒரு லென்சுக்கு மட்டும் பணம் சேர்த்த குடும்பம் எதை வாங்குவது? கடிகாரம் அங்கேயே இருக்கும். கோபுரம் நாளையும் நிற்கும். இவற்றுக்குக் கையிலிருக்கும் லென்சையே இயன்றவரை பயன்படுத்தலாம். அந்தியில் கடந்து செல்லும் ஊர்வலமும், குத்துவிளக்கின் ஒளியில் தெரியும் பாட்டியின் முகமும் காத்திருக்க மாட்டா. எனவே அத்தகைய குடும்பத்திற்கு 35 மி.மீ. பிரைம் லென்சே முதலில் பொருந்தும். பறவைகளையோ விளையாட்டுகளையோ விரும்புவோருக்கு விடை வேறாகும்.

எது பொருந்தும் என்பதை வாங்காமலேயே அறிய வழியுண்டு. ஜூம் லென்சை ஒரு மாலை முழுதும் 35இல் நிறுத்தி, வளையத்தைத் திருப்பாமல் எடுத்துப் பார்க்க வேண்டும். மறுநாள் 16இலும், அதற்கடுத்த நாள் 50இலும் அவ்வாறே செய்ய வேண்டும். எந்த எண்ணில் இடர் குறைவாக இருந்ததோ அதுவே அவருக்குரிய குவியத்தூரம்.

கருத்தில் கொள்ள வேண்டியவை

பல நிறுவனங்கள் லென்சைப் பொருத்தத் தனித்தனி வளையத்தை அமைத்துள்ளன. ஒன்றுக்குரியது மற்றொன்றில் நேரடியாகப் பொருந்தாது. எனினும் வீட்டிலுள்ள பழைய சுருள் கேமராவின் லென்சை எறிந்துவிட வேண்டியதில்லை. பழைய நிக்கான் கேமராவில் லென்சின் பொருத்துதளத்திற்கும் சுருளுக்கும் இடையே 46.5 மி.மீ. இடைவெளி இருந்தது. நிக்கானின் மிரர்லெஸ் கேமராவில் அவ்விடைவெளி 16 மி.மீ. மட்டுமே. குறைந்த இடைவெளியை ‘அடாப்டர்’ என்னும் இணைப்பு வளையத்தால் நிரப்பிப் பழைய லென்சைப் பயன்படுத்தலாம். குவியத்தைக் கையாலேயே சரிசெய்ய நேரிடும்.

திருவனந்தபுரம் இரு பருவமழைகளையும் பெறும் ஊர். ஈரக்காற்றில் மூடி வைத்த லென்சுக்குள் பூஞ்சை படரும். பிறர் பயன்படுத்திய லென்சை வாங்குமுன், அதை வெளிச்சத்தை நோக்கிப் பிடித்து, சிலந்திவலை போன்ற இழைகள் உள்ளனவா என்று பார்க்க வேண்டும். வீட்டில், ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் காற்றுப்புகாப் பெட்டியில் வைப்பது நலம். தேங்காய் உடைக்கும் இடத்தில் ஓட்டுச் சில்லும் நீரும் தெறிக்கும். சற்றே விலகி நின்று எடுப்பது லென்சுக்கும் கண்ணுக்கும் பாதுகாப்பு.

பத்மநாபசுவாமி கோயிலுக்குள் கேமராவும் கைப்பேசியும் கொண்டு செல்ல அனுமதி இல்லை. வெளியிலும், வழிபடுவோரின் முகத்தை எடுக்குமுன் அவர்களின் இசைவைப் பெறுவது பண்பாகும். தொலைவிலிருந்து எடுக்க வல்ல லென்சு கையில் இருப்பதாலேயே பிறர் அறியாமல் எடுக்கும் உரிமை வந்துவிடாது.

எடுக்கும் இடத்தையும் அங்குள்ள ஒளியையும் கடந்து செல்லும் பொழுதையும் முதலில் அறிந்தவர், கடையில் எந்த லென்சைக் கேட்க வேண்டும் என்பதையும் எளிதில் அறிவார்.

சொல்லும் பொருளும்

உணரி – ஒளியை உணர்ந்து பதிவு செய்யும் மின்னணுத் தகடு
மறுதலை – எதிரானது
உடைவாள் – இடையில் அணியும் வாள்
இசைவு – சம்மதம்
எழுந்தருளல் – தெய்வத் திருவுருவம் ஓரிடத்திற்கு வருதல்

வினாக்கள்

1. சிறிய உணரியில் காட்சியின் ஓரங்கள் குறைவதைப் பாடம் எந்த உவமையால் விளக்குகிறது?
2. 8 மீட்டர் தொலைவில் 50 மி.மீ. லென்சு காட்டும் காட்சியின் அகலம் எவ்வளவு? உணரியின் அகலத்தை 23.5 மி.மீ. எனக் கொள்க.
3. நிலைப்படுத்தி இருந்தும் ஊர்வலப் படம் கலங்கிப் பதிவது ஏன்?
4. நவராத்திரி ஊர்வலம் எவ்வூர்களிலிருந்து வருகிறது? அது தமிழ்க் குடும்பங்களுக்கு நெருக்கமானதாக இருப்பது ஏன்?
5. உங்கள் வீட்டில் ஒரு லென்சு மட்டுமே வாங்க இயலும் எனில் எதைத் தேர்வீர்கள்? எதை விட்டுக்கொடுப்பீர்கள்? காரணங்களுடன் பத்து வரிகளில் எழுதுக.