ஆன்டிஆக்ஸிடன்ட் தேடி ஆன்லைன்ல அலையாதீங்க... அஞ்சறைப்பெட்டி பக்கத்துலயே இருக்கு!

இன்ஸ்டாகிராம்ல பத்து ரீல் தள்ளினா, ரெண்டு ரீல்லயாவது 'ஆன்டிஆக்ஸிடன்ட்' வந்துடும். மாட்சா டீ, பெர்ரி பவுடர், கிரீன் டீ மாத்திரைன்னு வரிசை கட்டும். விலையைப் பார்த்தா தலை சுத்தும். ஆனா, குன்னத்துல இருக்குற ஒருத்தர் இதுக்காக ஆர்டர் போடுறது, ஆத்தங்கரையில உட்கார்ந்துகிட்டு வாட்டர் பாட்டில் வாங்குற மாதிரி. ஏன்னா, குன்னம் இருக்கும் பெரம்பலூர் மாவட்டம், தமிழ்நாட்டின் சின்ன வெங்காய விளைச்சலில் முன்வரிசையில் நிற்கும் மாவட்டம். செட்டிகுளம் பக்கம் போனா வயலோரம் வெங்காயப் பட்டறைகளைப் பார்க்கலாம்.

அந்த வெங்காயத்துல என்ன இருக்கு, மாத்திரையில இல்லாதது எது? பார்ப்போம்.

ஆன்டிஆக்ஸிடன்ட்னா என்ன?

நாம சுவாசிக்கும் ஆக்ஸிஜனை உடம்பு பயன்படுத்தும்போது, 'ஃப்ரீ ரேடிக்கல்' எனும் நிலையில்லாத மூலக்கூறுகள் உருவாகும். சிகரெட் புகை, கடும் வெயில், காற்று மாசு இதெல்லாம் அதை இன்னும் கூட்டும். இவை அளவுக்கு மீறினா செல்களைச் சேதப்படுத்தும். இதைத் தடுக்கிற பொருள்கள்தான் ஆன்டிஆக்ஸிடன்ட்கள். நம்ம உடம்பே சிலவற்றைத் தயாரிக்குது. தாவரங்களும் பூச்சி, வெயில், நோயிலிருந்து தப்பிக்கத் தங்களுக்குன்னு சிலவற்றைத் தயாரிக்கின்றன. அதைத்தான் நாம சாப்பாட்டில் வாங்கிக்கிறோம்.

சின்ன வெங்காயத்துல இருக்கும் முக்கியமான பொருள் குவர்செட்டின். அதன் இளஞ்சிவப்புக்குக் காரணம் ஆந்தோசயனின். நாவல்பழத்துக்கு நிறம் கொடுப்பதும் இதே குடும்பம்தான். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பல வெங்காய ரகங்களை ஒப்பிட்டு, 2004-ல் வெளியான ஆய்வில், பீனால் பொருள்கள் அதிகம் இருந்தது ஷாலட்டில். நம்ம சின்ன வெங்காயத்தின் நெருங்கிய சொந்தம் அது.

இதயத்துக்கு நல்லதா?

நெதர்லாந்தின் ஸுட்ஃபென் நகரில், 65 முதல் 84 வயது வரையிலான 805 ஆண்களின் உணவைக் கணக்கெடுத்து 5 வருஷம் கவனிச்சாங்க. 1993-ல் முடிவு வெளியானது. ஃபிளேவனாய்டுகளை அதிகம் எடுத்துக்கிட்டவங்ககிட்ட இதய நோய் மரணம் குறைவாக இருந்தது. அவங்களுக்கு அது கிடைத்த முக்கிய வழிகள் டீ, வெங்காயம், ஆப்பிள். ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க. 'வெங்காயம் சாப்பிட்டா மாரடைப்பு வராது'ன்னு இந்த ஆய்வு நிரூபிக்கலை. இது இரண்டுக்கும் இடையிலான தொடர்பைக் காட்டுது, அவ்வளவுதான்.

அப்போ மாத்திரை போட்டா இன்னும் நல்லதுதானே?

இங்கேதான் விஷயமே இருக்கு. கேரட்டுக்கு நிறம் தரும் பீட்டா கரோட்டினும் ஓர் ஆன்டிஆக்ஸிடன்ட்தான். காய்கறி, பழம் நிறைய சாப்பிடுறவங்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவுன்னு தெரிஞ்சதும், பின்லாந்தில் சிகரெட் பிடிக்கும் 29,133 ஆண்களை வெச்சு சோதனை நடந்தது. அதில் ஒரு பகுதியினருக்கு தினமும் 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் மாத்திரை. 1994-ல் வந்த முடிவு எல்லாரையும் அதிரவெச்சது. மாத்திரை எடுத்தவங்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறையலை, 18 சதவிகிதம் கூடியிருந்தது! அமெரிக்காவில் நடந்த இதேபோன்ற சோதனையை 1996-ல் பாதியிலேயே நிறுத்திட்டாங்க.

'தம் அடிக்கிறேன், அதான் ஆன்டிஆக்ஸிடன்ட் மாத்திரை போட்டு பேலன்ஸ் பண்றேன்'னு சொல்ற ஃப்ரெண்டு யாராவது இருந்தா, இந்தப் பத்தியை முதல்ல அவருக்கு ஃபார்வேர்டு பண்ணுங்க.

கிரீன் டீயிலும் இதே கதைதான். கோப்பையில குடிக்கிற கிரீன் டீ பெரும்பாலானவங்களுக்குப் பிரச்னை இல்லை. அதன் சாரத்தை மாத்திரையா அதிக அளவில் எடுக்கும்போது சிலருக்குக் கல்லீரல் பாதிக்குது. உணவில் ஒரு பொருள் தனியா வர்றதில்லை. நார்ச்சத்து, வைட்டமின், இன்னும் பல சத்துகளோடு, சின்ன அளவில் வருது. மாத்திரையில் ஒரே பொருள் மொத்தமா இறங்குது. அதிகம் என்பதாலேயே அது நல்லதாகிடாது.

'ஆன்டிஆக்ஸிடன்ட் ஸ்கோர்' போட்டு விற்கும் பவுடர்களையும் அப்படியே நம்பாதீங்க. உணவுகளுக்கு அப்படி மதிப்பெண் கொடுத்த ஓரக் பட்டியலை, 2012-ல் அமெரிக்க வேளாண்மைத் துறையே இணையதளத்திலிருந்து எடுத்துடுச்சு. சோதனைக்குழாயில் கிடைக்கும் எண், உடம்புக்குள் நடப்பதைச் சொல்லாது என்பதே காரணம்.

கிச்சன்ல என்ன செய்யலாம்?

* சருகை மட்டும் உரிங்க. குவர்செட்டின் அதிகம் இருப்பது வெளி அடுக்குகளில்தான். உரிக்க எளிதா இருக்குன்னு ரெண்டு அடுக்கைச் சேர்த்துப் பிய்த்துப் போட்டா, நல்லதுல பாதி குப்பைக்குப் போயிடும்.

* வேகவைக்கும்போது குவர்செட்டினில் ஒரு பகுதி தண்ணீரில் இறங்கும். அதனால தண்ணீரை வடிக்காத சாம்பார், காரக்குழம்பு நல்ல சாய்ஸ். வதக்கும்போது கண்ணாடிபோல ஆனதும் நிறுத்துங்க, கருக விடாதீங்க.

* பழைய சோத்துக்குக் கடிச்சுக்கிற பச்சை வெங்காயத்துல அடுப்புச் சூட்டால ஆகும் இழப்பே இல்லை.

* சாப்பிட்ட உடனே டீ, காபி வேண்டாம். அதிலுள்ள பாலிஃபீனால்கள், கீரையிலும் பயறிலும் இருக்கும் இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்வதைக் குறைக்கும். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவங்களுக்கு ரத்தசோகை இருப்பதா தேசிய குடும்பநல ஆய்வு சொல்லுது. அதனால ஒரு மணி நேரமாவது கழிச்சுக் குடிங்க. கீரையோட கொஞ்சம் எலுமிச்சைச் சாறு சேர்த்துக்கிட்டா இரும்புச்சத்து நல்லா சேரும்.

* ஒரே காயை நம்பி இருக்காதீங்க. நெல்லி, கொய்யா, முருங்கைக்கீரை, நாவல், தக்காளின்னு தட்டுல நிறம் மாறட்டும்.

மஞ்சள் கருவுக்குள் மக்காச்சோளம்

குன்னம் பக்கம் வயல் வயலா நிற்கும் மக்காச்சோளத்துக்கும் இதில் பங்கு உண்டு. அதன் மஞ்சள் நிறத்துக்குக் காரணம் லூட்டீன், ஸீயாக்ஸாந்தின். கண்ணின் விழித்திரையில் சேர்ந்து அதைப் பாதுகாக்கும் நிறமிகள் இவை. மக்காச்சோளம் கோழித் தீவனத்தின் முக்கியப் பொருள். கோழி சாப்பிட்ட இந்த நிறமிகள்தான் முட்டைக்குள் மஞ்சள் கருவா நம்ம தட்டுக்கு வருது.

ரத்தம் உறையாம இருக்கவோ, புற்றுநோய்க்கோ மருந்து எடுக்கிறவங்க, எந்த ஆன்டிஆக்ஸிடன்ட் மாத்திரையையும் டாக்டர்கிட்ட கேட்காம தொடாதீங்க. மத்தவங்க, கார்ட்ல போட்டு வெச்சிருக்கிற பவுடரை எடுத்துட்டு, அந்தக் காசுக்குச் சந்தையில சின்ன வெங்காயமும் நாலு நிறத்துல காய், பழமும் வாங்குங்க!