கடித்ததே தெரியாத கடி!

விடிகாலை மூணு மணி. தரையில் பாய் விரித்துத் தூங்கிய பத்து வயசுப் பையன் எழுந்து உட்கார்ந்து, “அம்மா, வயித்த வலிக்குது” என்கிறான். வாந்தியும் எடுக்கிறான். “ராத்திரி புரோட்டா வேண்டாம்னு சொன்னேன், கேட்டியா?” என்று ஓமத்தண்ணீர் கொடுத்துப் படுக்க வைக்கிறாள் அம்மா. கொஞ்ச நேரத்தில் பையனுக்குக் கண் சொருகுகிறது. ‘அப்பாடா, தூங்கிட்டான்’ என்று அவளுக்கு நிம்மதி.

அது தூக்கம் அல்ல. விஷம்!

கற்பனைக் காட்சிதான். ஆனால் கட்டுவிரியன் கடி பல வீடுகளில் இப்படித்தான் ஆரம்பிக்கிறது. அதன் பல் ஊசி மாதிரி மெல்லியது. கடித்த இடத்தில் வலி இருக்காது, வீக்கம் இருக்காது, தடம்கூடக் கண்ணுக்குத் தெரியாமல் போகலாம். தூங்குகிறவருக்குக் கொசு கடித்த மாதிரிகூட இருக்காது. சில மணி நேரம் கழித்துத்தான் வயிற்று வலி, வாந்தி, இமை தொங்குவது, பேச்சுக் குழறுவது, எச்சில் விழுங்க முடியாமல் போவது எல்லாம் வரும். கடைசியில் மூச்சு விடும் தசைகளே வேலைநிறுத்தம் செய்துவிடும்.

ஆகவே ஒன்றை மட்டும் மனசில் எழுதிக்கொள்ளுங்கள். இரவு தரையில் படுத்தவருக்கு விடிகாலையில் காரணம் தெரியாத வயிற்று வலியும், கூடவே இமை தொங்கலும் வந்தால், பாம்புக் கடியாக இருக்குமோ என்று சந்தேகப்பட வேண்டும். கஷாயம் வைத்துக்கொண்டிருக்க நேரமில்லை!

காட்டுக்குள் நாம் வந்தோமா, வீட்டுக்குள் அது வந்ததா?

வெள்ளகோவில் பக்கம் கொரங்காடுகளைப் பார்த்திருப்பீர்கள். கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், நடுநடுவே வெள்வேல மரம். காங்கேயம் மாடும் செம்மறி ஆடும் மேயும் இந்த நிலம் எலிக்கும் ஓணானுக்கும் தவளைக்கும் வீடு. அவற்றைத் தின்னும் பாம்புக்கும் அதுதான் வீடு. ஊர் விரிய விரிய, இந்த மாதிரி நிலங்களில் சைட் பிரித்துக் கல் நடுகிறோம், வீடு கட்டுகிறோம், தறிக்குடோன் போடுகிறோம். பாம்பு எங்கே போகும்?

பாம்புக்கு நம் மேல் விரோதம் எதுவும் கிடையாது. பழி வாங்கும், துரத்தி வந்து கடிக்கும் என்பதெல்லாம் சினிமாக் கதை. அது தேடி வருவது எலியை. தேங்காய்ப் பருப்பு மூட்டை, மாட்டுத் தீவனம், கோழிக் கூண்டில் சிதறிய தானியம், மூடாத குப்பை... இவை இருந்தால் எலி வரும். எலி பின்னாலேயே பாம்பு வரும்.

நால்வரைத் தெரிந்துகொள்ளுங்கள்

நம் ஊர்ப் பாம்புகளில் பெரும்பாலானவை விஷமில்லாதவை. சாரைப்பாம்பு, மண்ணுளி, கொம்பேறி மூக்கன் மூன்றும் ஆளைக் கொல்லாதவை. இந்தியாவில் பெரும்பாலான சாவுக்குக் காரணம் நாலே நாலு.

நல்ல பாம்பு: படம் எடுக்கும். கடித்த இடம் வீங்கும், நரம்பைத் தாக்கும்.

கட்டுவிரியன்: கறுப்பு உடம்பில் மெல்லிய வெள்ளைப் பட்டைகள். ராத்திரியில்தான் நடமாட்டம்.

கண்ணாடி விரியன்: தடித்த உடம்பு, முதுகில் சங்கிலி மாதிரி கண்கள். குக்கர் ஆவி விடுவது போல உரக்கச் சீறும். ரத்தத்தை உறைய விடாது, சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

சுருட்டை விரியன்: சின்னது, ஒரு முழம்தான் இருக்கும். வறண்ட பூமியில் கல்லுக்கு அடியில் கிடக்கும். ‘குட்டிப் பாம்புதானே’ என்று அலட்சியம் செய்யாதீர்கள். இதுவும் ரத்தப்போக்கை உண்டாக்கும்.

பொடக்காலியிலிருந்து ஆரம்பியுங்கள்

* விறகு, செங்கல், தென்னை மட்டை, தேங்காய்த் தொட்டி, சோளத்தட்டுப் போர் எல்லாம் வீட்டுச் சுவரை ஒட்டி வேண்டாம். தள்ளி அடுக்குங்கள். எடுக்கும்போது முதலில் குச்சியால் தட்டிவிட்டு, பிறகு கையை நீட்டுங்கள்.

* கதவுக்கு அடியில் விரல் நுழையும் சந்து இருந்தால் பாம்பும் நுழையும். கட்டை அடித்து மூடுங்கள். சாக்கடைத் துவாரத்துக்குச் சல்லடை போடுங்கள்.

* இருட்டில் பொடக்காலிக்குப் போகும்போது டார்ச்சும் செருப்பும் கட்டாயம். நைட் ஷிப்ட் முடிந்து நடந்து வருகிறவர்களுக்கும் இதே விதிதான். செல்போன் வெளிச்சமாவது காலடியில் விழட்டும்.

* தரையில் படுப்பதை விடுங்கள். கட்டில் நல்லது. கட்டிலோ தரையோ, கொசுவலை கட்டி அதன் ஓரத்தைப் பாய்க்கு அடியில் நன்றாகச் செருகிக்கொண்டால் கட்டுவிரியன் உள்ளே வராது. தறிக்குடோனிலேயே படுக்கும் தொழிலாளிகளுக்கு முதலாளிமார்கள் ஒரு வலை வாங்கிக் கொடுக்கலாமே? பெரிய செலவு இல்லை!

* பூண்டு, பினாயில், உப்பு தூவினால் பாம்பு வராது என்று நம்பி ஏமாறாதீர்கள்.

* வீட்டுக்குள் பாம்பைக் கண்டால் அடிக்கப் போகாதீர்கள். அடிக்கப் போனவரே கடிபடுவது உண்டு. குழந்தைகளை வெளியே அனுப்பி, தூரத்திலிருந்து அதன் மேல் ஒரு கண் வைத்து, தீயணைப்பு நிலையத்துக்கோ வனத்துறைக்கோ சொல்லுங்கள். 1972-ம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி பாம்பைக் கொல்வது குற்றமும் ஆகும்.

கடித்துவிட்டதா? பதறாதீர்கள்

பயந்து ஓடினால் விஷம் சீக்கிரம் பரவும். கடிபட்டவரைப் படுக்க வையுங்கள். மோதிரம், வளையல், மெட்டி, கொலுசு, செருப்பு எல்லாவற்றையும் கழற்றுங்கள். வீங்கிய பிறகு கழற்ற முடியாது. கையோ காலோ, எலும்பு முறிந்தால் கட்டுவது போல ஒரு பட்டைக் கட்டையை வைத்துத் துணியால் லேசாகக் கட்டி, அசையாமல் வைத்துக்கொள்ளுங்கள். 108-க்கு போன் செய்யுங்கள். ஆம்புலன்ஸ் வரத் தாமதமானால் கிடைத்த வண்டியில் கிளம்புங்கள். பைக்தான் இருக்கிறது என்றால் கடிபட்டவரை நடுவில் உட்கார வைத்துப் பின்னால் ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும். கடித்த நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.

செய்யக் கூடாதவை: பிளேடால் கீறக் கூடாது. வாயால் உறிஞ்சக் கூடாது. கயிற்றால் இறுக்கிக் கட்டக் கூடாது. ரத்த ஓட்டம் நின்று காலே அழுகிப் போகலாம். ஐஸ் வைக்கக் கூடாது. சாராயம் கொடுக்கக் கூடாது. பாம்பை அடித்துப் பையில் போட்டுக் கொண்டுபோகவும் வேண்டாம். செத்த பாம்பின் தலைகூடக் கொஞ்ச நேரம் வரை கடிக்கும்!

“மந்திரிச்சா சரியாப் போகுதே, எங்க பெரியப்பாவுக்கே சரியாச்சு!” என்பீர்கள். கடித்தது விஷமில்லாத பாம்பாக இருந்திருக்கும். விஷப் பாம்பேகூட சில சமயம் விஷத்தை இறக்காமல் வெறும் கடி கடித்துவிட்டுப் போகும். அப்படிப் பிழைத்தவருக்கு மந்திரமே வேண்டியதில்லை. விஷம் ஏறியவருக்கோ மந்திரத்தில் கழிகிற ஒவ்வொரு நிமிஷமும் நஷ்டம்.

ஆஸ்பத்திரியில் என்ன நடக்கும்?

ரத்தம் 2 மில்லி எடுத்து, சுத்தமான கண்ணாடிக் குழாயில் 20 நிமிடம் அசையாமல் வைப்பார்கள். பிறகு சாய்த்துப் பார்த்தால் உறைந்திருக்க வேண்டும். தண்ணீராக ஓடினால் விரியன் விஷம் வேலை செய்கிறது என்று அர்த்தம். விஷ அறிகுறி இருந்தால் விஷமுறிவு மருந்தை டிரிப்ஸில் ஏற்றுவார்கள். நாலு பாம்புக்கும் ஒரே மருந்துதான். அதனால் ‘என்ன பாம்புன்னு பார்க்கலையே’ என்று கவலைப்பட வேண்டாம். குழந்தைக்கும் பெரியவர்களுக்குக் கொடுக்கும் அதே அளவுதான். பாம்பு குழந்தை என்று பார்த்து விஷத்தைக் குறைத்தா போடுகிறது?

அரசு ஆஸ்பத்திரியில் இது இலவசம். மூச்சு திணறினால் செயற்கைச் சுவாசக் கருவியும், சிறுநீரகம் பழுதானால் டயாலிசிஸும் தேவைப்படும். வெள்ளகோவிலுக்குக் கிழக்கே கரூரிலும் மேற்கே திருப்பூரிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் உண்டு. முதலில் பக்கத்து அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தேவையென்றால் அவர்களே மேலே அனுப்புவார்கள். ‘ஒண்ணும் பண்ணலை, நல்லாத்தான் இருக்கேன்’ என்று வீட்டுக்குக் கிளம்பிவிடாதீர்கள். ஒரு நாளாவது டாக்டர் கண் முன்னால் இருக்க வேண்டும்.

பாம்பின் விஷமே மருந்து!

அந்த மருந்து எதிலிருந்து வருகிறது தெரியுமா? பாம்பின் விஷத்திலிருந்தேதான்! குதிரைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விஷத்தை ஏற்றினால் அதன் ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி உண்டாகிறது. அதைப் பிரித்தெடுத்ததுதான் விஷமுறிவு மருந்து. அதற்கு வேண்டிய விஷத்தை, 1978-ல் தொடங்கப்பட்ட இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துத் தருகிறது. மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் இருக்கும் இந்தச் சங்கத்தார் பாம்பைப் பிடித்து, விஷத்தைக் கறந்து, திரும்பக் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். இருளர்களான வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023-ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

2000 முதல் 2019 வரை இந்தியாவில் ஏறக்குறைய 12 லட்சம் பேர் பாம்புக் கடியால் இறந்திருக்கிறார்கள் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். வருஷத்துக்குச் சராசரி 58,000 பேர்! தமிழக அரசு 2024 நவம்பரில் பாம்புக் கடியை, ஆஸ்பத்திரிகள் கட்டாயம் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது. எங்கே கடி அதிகம், எங்கே மருந்து வேண்டும் என்று இனி கணக்குத் தெரியும்.

அரசாங்கம் அதன் வேலையைச் செய்யட்டும். உங்கள் வேலை இன்று ராத்திரியே இருக்கிறது. படுக்கப் போகும் முன் டார்ச்சைத் தலைமாட்டில் வையுங்கள், கதவுச் சந்தைப் பாருங்கள், பிள்ளைகளின் கொசுவலையை ஒரு சுற்று செருகிவிடுங்கள். புற்றுக்குப் பால் ஊற்றுகிற கை, இதையும் செய்யட்டும்.